ரேம் ஏன் திடீரென்று மண்டையைப் போடுகிறது, தெரியுமா?

உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருக்கிறதா? அதற்குள் எத்தனை மின்தேக்கிகள் இருக்கின்றன தெரியுமா? 6,800 கோடிக்கும் மேல்! உலக மக்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு எட்டு என்று பங்கு வைத்தாலும் மிச்சம் விழும். இத்தனையும் விரல் நீளப் பச்சைப் பலகை ஒன்றுக்குள்!

இன்னும் கேளுங்கள். ஒவ்வொரு மின்தேக்கியையும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 6,800 கோடியில் உருப்படியான குடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே ஓட்டைக் குடம். குடத்தில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நிரப்பிய நொடியிலேயே கசிய ஆரம்பித்துவிடும். அப்படியே விட்டால் எது 1, எது 0 என்று கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போய்விடும். அதனால் 64 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு குடத்தையும் எட்டிப்பார்த்து, 1 இருந்த இடத்தையெல்லாம் திரும்ப நிரப்பிவைக்கிறது. நொடிக்குப் பதினைந்து தடவை! நீங்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் இந்த வேலை நிற்காது. சிப் 85 டிகிரிக்கு மேல் சூடேறினால் கசிவும் கூடும், அப்போது இதே வேலையை இரண்டு மடங்கு வேகத்தில் செய்ய வேண்டும்.

இந்த யோசனை யாருடையது தெரியுமா? ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட். 1966-ல் அவருக்குத் தோன்றியது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி போதும். 1968-ல் காப்புரிமை வந்தது. 1970-ல் இன்டெல் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது 1,024 பிட். அரை நூற்றாண்டு தாண்டியும் அடிப்படை அதேதான். குடம் மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு குடத்தில் இருப்பது சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இது தெரிந்த பிறகு, ரேம் ஒருநாள் போய்விட்டதே என்று எனக்கு ஆச்சரியம் வருவதில்லை. நேற்றுவரை எப்படி ஓடியது என்பதுதான் ஆச்சரியம்!

யுரேனியம் கலந்த ஆறு

1970களின் கடைசி. இன்டெல் தயாரித்த 16 கிலோபிட் மெமரி சிப்களில் ஒரு விசித்திரம். எங்கோ ஒரு பிட் தானாகப் புரண்டுவிடும். 1 இருந்த இடத்தில் 0. சிப்பை எடுத்துச் சோதித்தால் எந்தக் கோளாறும் இல்லை, திரும்ப எழுதினால் சமர்த்தாக எழுதிக்கொள்ளும். என்ன மாயம் இது?

குற்றவாளி எங்கே இருந்தது தெரியுமா? சிப்புக்கு மேல் போர்த்திய பீங்கான் உறையில்! அந்த உறையைச் செய்த தொழிற்சாலை அமெரிக்காவின் கொலராடோவில், கிரீன் நதிக் கரையில் இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்தின் கழிவு. ஆற்றுத் தண்ணீரில் யுரேனியம், அந்தத் தண்ணீரால் பீங்கானில் யுரேனியம். அதிலிருந்து வெளிவந்த ஆல்பா துகள்கள் சிப்புக்குள் பாய்ந்தன. ஒரே ஒரு ஆல்பா துகள் சிலிக்கானுக்குள் நின்று அடங்குவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். குடத்தில் இருப்பதோ அதைவிட எவ்வளவோ குறைவு. புரளாமல் என்ன செய்யும்?

இன்டெல்லின் டிமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் 1978-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சிப் உலகமே அலறிவிட்டது. அதுவரை உறைக்கு என்ன மண் எடுக்கிறோம், எந்தத் தண்ணீரில் குழைக்கிறோம் என்று யாரும் கேட்டதே இல்லை.

இதைவிடச் சுவாரசியமான கதை ஐபிஎம்முடையது. 1987 வாக்கில் அவர்களுடைய மெமரி சிப்களிலும் பிட் புரளத் தொடங்கியது. இந்த முறை எல்லோருக்கும் பாடம் தெரியும், உடனே கதிரியக்கத்தைத் தேடினார்கள். சிப்பில் பொலோனியம்-210 இருந்தது! பூமியில் மிக அபூர்வமான, படுவிஷமான பொருள். அது சிப்புக்குள் எப்படி வந்தது? ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிப் போனார்கள். சிப் தயாரிப்பில் பயன்படும் நைட்ரிக் அமிலம். அமிலம் வந்த பாட்டில். பாட்டிலைக் கழுவிய இயந்திரம். அந்த இயந்திரத்தில் பாட்டிலுக்குள் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு குழாய் இருந்தது. தூசி திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நிலைமின்சாரத்தைப் போக்குவதற்காக அதில் கொஞ்சம் பொலோனியம் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் கசிந்திருக்கிறது. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருப்பது உண்மை, அதுவும் ஆல்பா துகள்களை வெளிவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஆல்பா துகளை நிறுத்த ஒரு தாள் காகிதம் போதும். வெளியே இருக்கும் மணல் உங்கள் லேப்டாப் மூடியைத் தாண்டி உள்ளே வராது. சிப்பின் உறைக்குள்ளேயே, சாலிடருக்குள்ளேயே இருந்தால்தான் ஆபத்து. அதனால்தான் இன்றைக்கும் சிப் தொழிற்சாலைகள் ஆல்பா குறைந்த சாலிடர் என்று தனியாகக் கேட்டு வாங்குகின்றன.

வானத்திலிருந்து விழும் அடி

உறையைச் சுத்தம் செய்தாயிற்று. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! 1979-ல் ஐபிஎம்மின் ஜேம்ஸ் ஸீக்லர், வில்லியம் லான்ஃபோர்ட் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கம்ப்யூட்டர் நினைவகத்தைக் கலைக்கும் என்றது கட்டுரை. எங்கோ வெடித்துச் சிதறிய நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய துகள் பூமியின் காற்றில் மோதுகிறது. அந்த மோதலில் நியூட்ரான்கள் சிதறிக் கீழே கொட்டுகின்றன. அதில் ஒன்று சிலிக்கான் அணு ஒன்றை உடைத்தால் போதும், உங்கள் எக்செல் ஷீட்டில் ஒரு இலக்கம் மாறும்.

நம்ப முடியாதவர்களுக்காக ஐபிஎம் என்ன செய்தது தெரியுமா? மெமரி சிப்களை மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறியது! கொலராடோவின் லெட்வில் என்ற ஊர், கடல்மட்டத்துக்கு மேல் 3,100 மீட்டர். அங்கே நியூட்ரான் மழை கடற்கரை ஊர்களைவிடப் பத்து மடங்கு அளவுக்கு அதிகம், பிட் புரள்வதும் அதற்கேற்ப எகிறியது. அப்புறம் சிப்களைத் தரைக்கடியில் பாறைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். பிழைகள் மாயமாய் மறைந்தன.

இதற்கும் முன்னால் ஒரு சம்பவம். சூப்பர் கம்ப்யூட்டர்களின் தாத்தாவான கிரே-1, அதிலும் முதல் இயந்திரம், 1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதுவும் மலைமேல் இருக்கும் ஊர், 2,200 மீட்டருக்கு மேல். ஆறு மாதத்தில் நினைவகப் பிழை எத்தனை? 152! அடுத்து வந்த கிரே-1 இயந்திரங்களில் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். அந்த 152-க்குக் காரணம் விண்கதிராகத்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவேட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டது முப்பது வருஷத்துக்கும் பிறகு.

விண்வெளியில் இன்னும் மோசம். சனிக் கோளுக்குப் போன காசினி விண்கலத்தின் தகவல் பதிவுப்பெட்டியில், நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே வகை ரேம் சிப்கள். நாளொன்றுக்குச் சுமார் 280 பிட்கள் புரண்டுகொண்டே இருந்தன, பெட்டி திருத்திக்கொண்டே இருந்தது. கிளம்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1997 நவம்பர் 6 அன்று சூரியன் ஒரு சீறு சீறியது. அன்றைக்கு மட்டும் நாலு மடங்குக்கும் மேல்!

நம்மூர் சமாச்சாரம் ஒன்று. பூமியின் காந்தப்புலம் விண்கதிர்களை மடக்கித் திருப்பிவிடுகிறது. இந்தத் தடுப்பு உலகத்தில் எங்கே மிகப் பலமாக இருக்கிறது தெரியுமா? தென்னிந்தியாவை ஒட்டிய பகுதியில்! ஏறத்தாழ 17 கிகாவோல்ட் என்று விஞ்ஞானிகள் சொல்லும் அளவுக்குக் கீழே இருக்கும் விண்கதிர்த் துகள் எதுவும் நம் தலைக்கு மேல் செங்குத்தாக இறங்க முடியாது. அந்தப் பகுதியில்தான், ஊட்டியில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கிரேப்ஸ்-3 என்ற மாபெரும் மியூயான் தொலைநோக்கியை நடத்துகிறது. மிகு ஆற்றல் துகள்களை மட்டும் பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2015 ஜூன் 22 அன்று அந்தக் காந்தத் தடுப்பு கொஞ்ச நேரம் தளர்ந்துபோனதைக்கூட அது பதிவு செய்திருக்கிறது. ஆக, ரேமில் பிட் புரண்டதற்கு விண்கதிர்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க உலகத்திலேயே மிகக் குறைந்த உரிமை உள்ளவர்கள் நாம்தான்.

சிப்புக்குள்ளேயே விண்கதிருக்கு ஒரு கையாள் வேறு இருந்தான்! சிப்பின் அடுக்குகளை மட்டம்செய்யப் பயன்படுத்திய ஒருவகைக் கண்ணாடியில் போரான் இருந்தது. வேகம் குறைந்த சாதுவான நியூட்ரான் வந்தால்கூடப் போரான்-10 அணு அதை விழுங்கிவிட்டு இரண்டாக உடையும். உடைந்ததில் ஒரு துண்டு ஆல்பா துகள். 1990களில் இது தெரியவந்தது, அந்தக் கண்ணாடியைத் தலைமுழுகினார்கள்.

4,096 ஓட்டு

பெல்ஜியம், 2003 மே 18, தேர்தல் நாள். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவு. எண்ணிப் பார்த்தால், ஒரு சிறிய கட்சியின் வேட்பாளருக்கு விழவே வாய்ப்பில்லாத அளவுக்கு ஓட்டு. அவருடைய கட்சிக்கு விழுந்ததைவிட அவருக்கு அதிகம்! திரும்ப எண்ணினார்கள். கூடுதலாக இருந்தது சரியாக 4,096 ஓட்டு.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் புல்லரிக்கும். இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வருவது 4,096. அதாவது நினைவகத்தில் பதின்மூன்றாவது பிட் மட்டும் 0-விலிருந்து 1-க்குப் புரண்டால் கூடும் எண்ணிக்கை அதுதான். மென்பொருளை அலசினார்கள், தவறு கிடைக்கவில்லை. பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பத்திரிகைகள் விண்கதிரைப் பிடித்துக்கொண்டன. புரட்டியது எந்தத் துகள் என்று அது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லையே!

2011-ல் ஆர்ட்டெம் டைனபர்க் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இன்னொரு குறும்பு செய்தார். பிரபலமான இணையதளப் பெயர்களில் ஒரே ஒரு பிட் புரண்டால் என்ன பெயர் வருமோ, அந்தப் பெயர்களைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவை மனிதர்கள் கைதவறி அடிக்கிற பெயர்களும் அல்ல. ஆனாலும் வந்து கதவைத் தட்டிய கோரிக்கைகள் பல்லாயிரம்! உலகமெங்கும் யார் யாருடைய கருவியிலோ ஒரு பிட் புரண்டு, அதன் காரணமாக வழி தவறி வந்தவை.

கதை தலைகீழாகும் இடம்

இவ்வளவு நேரம் யுரேனியம், பொலோனியம், நட்சத்திர வெடிப்பு என்று வாயைப் பிளந்தோம். உங்கள் ரேம் போனதற்கு இதெல்லாம்தான் காரணமா? பெரும்பாலும் இல்லை!

2009-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுளைச் சேர்ந்த இருவரோடு ஒரு ஆய்வை வெளியிட்டார். கூகுளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கண்காணித்த கணக்கு. ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வருக்கு நினைவகப் பிழை. நூற்றுக்கு எட்டு ரேம் மாட்யூலுக்கு மேல் வருஷத்தில் ஒரு தடவையாவது தடுமாறியிருந்தது. அதுவரை எல்லோரும் சொல்லிவந்ததைவிட இது பல மடங்கு அதிகம். இன்னொன்றும் தெரிந்தது: ஒரு மாதத்தில் ஒருமுறை பிழைவிட்ட மாட்யூல் அதே மாதத்தில் மறுபடி பிழைவிடும் வாய்ப்பு, மற்றவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல், சில இயந்திர வகைகளில் இருநூறு மடங்குக்கும் மேல். வானத்திலிருந்து விழும் துகள் ஆள் பார்த்தா அடிக்கும்? அடிவாங்கிய இடத்திலேயே திரும்பத் திரும்ப அடி விழுகிறது என்றால் கோளாறு பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

சூடுதான் எமன் என்று நாமெல்லாம் நம்புகிறோம் அல்லவா? அந்த ஆய்வில் வெப்பநிலையின் பங்கு வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. வயதுதான் காட்டிக்கொடுத்தது. வாங்கிப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் தாண்டியதும் பிழைகள் மெல்ல ஏற ஆரம்பித்துவிட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வில்லன் வேறொருவன். 1987-லிருந்தே பொறியாளர்களைப் படுத்தும் ஒரு குணம் ரேமின் செல்லுக்கு, அதாவது நம் குடத்துக்கு, உண்டு. தொழிற்சாலையில் சோதிக்கும்போது ஒரு செல் மின்னூட்டத்தை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாஸ்! பெட்டியில் போட்டு, கப்பலேற்றி, உங்கள் வீட்டுக்கு வந்து, பல மாதம் ஒழுங்காக ஓடி, ஒருநாள் அதே செல் சட்டென்று பல மடங்கு வேகமாகக் கசிய ஆரம்பிக்கும். ஏன்? சிலிக்கானுக்குள் அணு அளவில் உள்ள ஒரு சின்னக் குறை. அதில் ஒரு எலெக்ட்ரான் வந்து சிக்கினால் கசிவு ஒரு அளவு, விடுபட்டால் இன்னொரு அளவு. எப்போது சிக்கும், எப்போது விடுபடும், யாருக்கும் தெரியாது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் நல்ல பிள்ளையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். அவர் பேரில் தப்பில்லை, உங்கள் பேரிலும் தப்பில்லை.

அடுத்தது, ரப்பர். ஆம், பென்சில் அழிக்கும் ரப்பர்! கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பார்த்திருப்பீர்கள். “டிஸ்ப்ளே வரலைண்ணே, பீப் பீப்னு கத்துது” என்று கொண்டுபோய் வைத்தால், அண்ணன் ஸ்லாட்டின் இரண்டு கிளிப்பையும் விரலால் தள்ளி ரேமைக் கழற்றுவார். ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பட்டைகளை ரப்பரால் நாலு இழு இழுப்பார், பொடியை ஊதுவார், ‘டக்’ என்று திரும்ப மாட்டுவார். “இப்பப் போடு பாக்கலாம்.” ஓடும்! என்ன மந்திரம் இது?

டெஸ்க்டாப்பில் போடும் டிடிஆர்4 மாட்யூலில் 288 பட்டைகள். மேலே பூசியிருப்பது நிஜத் தங்கம்தான், தடிமன் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கம்ப்யூட்டரைப் போட்டால் சூடாகி விரிகிறது, அணைத்தால் ஆறிச் சுருங்குகிறது. தினம் தினம் இந்த நகர்வில் ஸ்லாட்டின் முள் பட்டைமீது கண்ணுக்குத் தெரியாத அளவு உரசுகிறது. தங்கத்தில் பொடித்துளை விழுந்தால் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே எட்டிப்பார்க்கும்; காற்றுப்பட்டுப் படலம் கட்டும். கடற்கரை உப்புக்காற்றும் சாக்கடை வாயுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 288-ல் முக்கியமான ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் கதை முடிந்தது. கழற்றி மாட்டும்போதே அந்தப் படலம் சுரண்டப்பட்டுத் தொடர்பு திரும்பிவிடுகிறது. உண்மையில் பாதி வேலை கழற்றி மாட்டியதில்தான். ரப்பர் படலத்தோடு சேர்த்துத் தங்கத்தையும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போகிறது, போதாததற்கு நிலைமின்சாரத்தையும் உண்டாக்குகிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்தால் போதும். அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

நிலைமின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்கிறதே, அது நமக்கு உறைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சிப் காயப்படச் சில நூறு வோல்ட் போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். அதாவது நீங்கள் எதையும் உணராமலே ரேமைக் காயப்படுத்தியிருக்கலாம்! அன்றைக்கு ஓடும். காயம் உள்ளே இருக்கும். பல மாதம் கழித்து, காரணமே இல்லாததுபோல் போகும். ஏசி போட்டுக் காற்று வறண்டுபோன அறையில் இந்த ஆபத்து கூடும்.

பக்கத்து வீட்டைத் தட்டினால் உங்கள் வீடு இடியுமா?

இடியும்! 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் யூங்கு கிம்மும் மற்றவர்களும், இன்டெல்லைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து, 129 ரேம் மாட்யூல்களைச் சோதித்தார்கள். செய்தது ஒன்றே ஒன்று: நினைவகத்தின் ஒரு வரிசையை மட்டும் மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறப்பது. இரண்டு நிரப்பல்களுக்கு நடுவே லட்சம் தடவைக்கு மேல். நடந்தது என்ன? தொடவே தொடாத பக்கத்து வரிசைகளில் பிட் புரண்டது! 129-ல் 110 மாட்யூல்கள் இதற்குப் பலியாயின. 2012, 2013-ல் தயாரானவை அத்தனையும்! செல்களை நெருக்கிக்கொண்டே போனதன் விலை இது. மறு வருஷமே கூகுளின் பாதுகாப்புக் குழு இந்த ஓட்டையை வைத்து ஒரு கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடித்துக்காட்டியது. இந்தத் தாக்குதலுக்கு ரோஹாமர் என்று பெயர்.

மறதி பற்றியே இவ்வளவு பேசினோமே, மறக்க வேண்டிய நேரத்தில் ரேம் மறப்பதில்லை, தெரியுமா? 2008-ல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து ரேமை மைனஸ் 50 டிகிரிக்குக் குளிரவைத்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை. குறியாக்கச் சாவிகள் அப்படியே இருந்தன!

ஒன்பதாவது சிப்

இப்போது கோபம் வரவேண்டிய இடம். இத்தனை கோளாறுக்கும் மருந்து 1950-லேயே தயார்! பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித மேதை. வார இறுதியில் யாரும் இல்லாத நேரத்தில் அவருடைய கணக்குகள் கம்ப்யூட்டரில் ஓடும். ரிலேக்களால் ஆன அந்த இயந்திரம் ஒரு பிழையைக் கண்டால் அந்த வேலையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் முடிந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா என்று ஹாமிங் எரிச்சல்பட்டார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பிழைதிருத்தும் குறிமுறை. 64 பிட்டோடு 8 பிட் கூடுதலாகச் சேர்த்து வைத்தால் போதும். ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும், இரண்டு புரண்டால் கத்தும். சர்வர்களில் போடும் இசிசி ரேம் இதுதான்.

வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2003-ல் 1,100 பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டர்களை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. உலகப் பட்டியலில் மூன்றாம் இடம்! ஆனால் இசிசி கிடையாது. அத்தனை இயந்திரத்தின் நினைவகத்தையும் நம்பி நீண்ட கணக்கு எதையும் ஓட்ட முடியாது. அடுத்த வருஷமே மொத்தத்தையும் கழற்றிவிட்டு, இசிசி உள்ள எக்ஸ்சர்வ் வகை இயந்திரங்களை மாட்டினார்கள்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் இது ஏன் இல்லை? எட்டு சிப் இருக்கும் இடத்தில் ஒன்பதாவதாக ஒன்று வேண்டும், கொஞ்சம் காசு கூடும். அவ்வளவுதான் தொழில்நுட்பக் காரணம். மிச்சமெல்லாம் வியாபாரம். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில், இசிசியைச் சாதாரண மக்களுக்கு எட்டாமல் செய்துவிட்டதாக இன்டெல்லைக் காய்ச்சி எடுத்தார். 2022 அக்டோபரில் அவருடைய கம்ப்யூட்டரே விநோதமாக நொடிக்க ஆரம்பித்தது. யாரோ அனுப்பிய புது நிரலில்தான் பிழை என்று நினைத்தார். கடைசியில் பார்த்தால், ரேம்! அதுவும் இசிசி இல்லாத ரேம்! மாற்று ரேம் வரும்வரை உலகத்தின் மிக முக்கியமான மென்பொருள் ஒன்றின் வேலை லேப்டாப்பில் நடந்தது. அவருக்கே இந்தக் கதியென்றால், புளூ ஸ்கிரீன் வந்ததும் விண்டோஸைத் திட்டுகிற நாம் எத்தனை தடவை அநியாயமாகத் திட்டியிருப்போம்!

ரேம் போனால் மாற்றிக்கொள்ளலாம். 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் போனால்? 2023 நவம்பரில் வாயேஜர்-1 உளற ஆரம்பித்தது. 1977-ல் கிளம்பிய கலம். அதன் மூன்று வகைக் கணினிகளின் நினைவகத்தையும் கூட்டினால் 70 கிலோபைட்கூடத் தேறாது. உங்கள் வாட்ஸப்பில் காலையில் வரும் குட்மார்னிங் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. நாசா பொறியாளர்கள் கட்டளை அனுப்பினால் போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. மாதக்கணக்கில் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள்: ஒரே ஒரு மெமரி சிப் செத்துவிட்டது, கணினி ஒன்றின் நினைவகத்தில் 3 சதவீதம் கெட்டுவிட்டது. துகள் அடித்ததா, நாற்பத்தாறு வயது மூப்பா, சொல்ல முடியாது. அந்த இடத்தில் இருந்த நிரலை மொத்தமாக வேறெங்கும் வைக்க இடமில்லை. துண்டு துண்டாக வெட்டி, மிச்சமிருந்த இண்டு இடுக்குகளில் செருகி, துண்டுகள் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்படி முகவரிகளைத் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று வாயேஜர் திரும்பப் பேசியது!

உங்கள் ரேம் மேல் சந்தேகம் இருந்தால், மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பத்து நிமிடச் சோதனையில் பாஸாவதற்குப் பெரிய மதிப்பு இல்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி மாட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் ஒரு விளம்பரத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். டிடிஆர்5 ரேம் எல்லாவற்றிலும் சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் உண்டு என்பது நிஜம். ஆனால் அது சிப்பின் எல்லைக்குள் மட்டும்தான். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் பிட் புரண்டால் கண்டுகொள்ளாது. செல்கள் அவ்வளவு சிறுத்துவிட்டதால் அது இல்லாமல் சிப்பையே விற்க முடியாது, அதனால் வந்த ஏற்பாடு. முழு இசிசி வேண்டுமானால் பிராசசரும் மதர்போர்டும் அதை ஏற்கின்றனவா என்று முதலில் கேளுங்கள், அப்புறம் மாட்யூலைத் திருப்பிச் சிப்களை எண்ணுங்கள். சாதாரண டிடிஆர்4-ல் எட்டு இருக்கும் இடத்தில் இசிசியில் ஒன்பது. டிடிஆர்5 என்றால் பத்து.